மனநல மாத்திரைக்காக மனு எழுதுவது எப்படி? நம் ஊரில் மனநலச் சேவை மேம்பட உழைக்க விரும்புவோருக்கு ஒரு முழு வழிகாட்டி

"இந்த மாசமும் வரலைம்மா. வெளிய வாங்கிக்கோங்க."

எங்கள் ஊர் அரசு மருத்துவமனையில் மருந்து கொடுக்கும் ஜன்னலில் தொடர்ந்து மூன்று மாதம் இந்தப் பதிலைக் கேட்டேன். என் தம்பிக்கு மனச்சிதைவு நோய். பத்தொன்பது வயதில் தொடங்கியது. மாத்திரை ஒழுங்காகக் கிடைத்தால் கடைக்குப் போவான், கணக்குப் பார்ப்பான், அம்மாவுக்குத் தேங்காய் துருவித் தருவான். நின்றுபோனால் இரண்டு வாரத்தில் தூக்கம் போய்விடும்.

அன்று வரிசையில் எனக்கு முன்னால் நின்ற ஒரு அம்மா, சீட்டை மடித்து மஞ்சள் பையில் வைத்துக்கொண்டு கிளம்பினார். பஸ் ஸ்டாண்டு வரை கூடவே நடந்தேன். வீட்டில் மிச்சமிருக்கும் மாத்திரையைப் பிளேடால் பாதியாக வெட்டி மகனுக்குக் கொடுத்து வருவதாகச் சொன்னார். "பாதி போட்டா பாதியாவது கேக்கும்ல?" என்று என்னிடம் கேட்டார். எனக்குப் பதில் வரவில்லை. அடுத்த மாதம் அவர் வரவில்லை. மகன் ராத்திரியில் வீட்டைவிட்டுப் போய், நான்கு நாள் கழித்து வேறொரு ஊர் ரயில் நிலையத்தில் கிடைத்ததாகப் பிறகு தெரிந்தது.

அது தெரிந்த வாரம்தான் முதல் மனுவை எழுதினேன். அது தவறான அலுவலகத்துக்குப் போனது. இரண்டாவது மனுவுக்குப் பதில் இல்லை. மூன்றாவது வேலை செய்தது. அந்த மூன்றுக்கும் நடுவில் கற்றுக்கொண்டதைத்தான் இங்கே எழுதுகிறேன். இதற்கு மருத்துவப் படிப்பு வேண்டாம், வக்கீல் பட்டமும் வேண்டாம். ஒரு நோட்டும் பேனாவும் வாரத்துக்கு ஒரு நாளும் இருந்தால் தொடங்கிவிடலாம்.

முதல் படி: ஒரே ஒரு குறையைப் பிடியுங்கள்

"மனநல விழிப்புணர்வு ஏற்படுத்தப் போகிறேன்" என்று கிளம்புகிறவர்கள் பெரும்பாலும் ஒரு பேரணி, ஒரு பேனர், அக்டோபர் 10 உலக மனநல நாளில் ஒரு கூட்டம் என்று நின்றுவிடுகிறார்கள். அவர்களுடைய அக்கறையை நான் குறை சொல்லவில்லை. ஆனால் கூட்டத்துக்கு வந்து விழிப்புணர்வு பெற்றவர் மறுநாள் மருத்துவமனைக்குப் போகும்போது அங்கே டாக்டரும் இல்லை, மாத்திரையும் இல்லை என்றால், அவர் இன்னொரு முறை வரமாட்டார். பெங்களூரிலுள்ள தேசிய மனநல நிறுவனமான நிம்ஹான்ஸ் நடத்திய 2015-16 தேசிய மனநலக் கணக்கெடுப்பின்படி, மனநோய் உள்ளவர்களில் சிகிச்சை கிடைக்காதவர்கள் நோயைப் பொறுத்து 70 முதல் 92 சதவீதம் வரை. மக்களின் அறியாமை மட்டும் இதற்குக் காரணமில்லை. சிகிச்சை கைக்கெட்டும் தூரத்தில் இல்லை.

ஆகவே, உங்கள் ஊரில் இருக்கிறதா இல்லையா என்று யார் வேண்டுமானாலும் நேரில் போய்ச் சரிபார்க்கக்கூடிய ஒரு குறையைத் தேர்ந்தெடுங்கள். "செவ்வாய்க்கிழமை மனநல மருத்துவர் வருவார் என்று பலகையில் இருக்கிறது, மூன்று செவ்வாயாக வரவில்லை." "லித்தியம் மாத்திரை சாப்பிடுபவருக்கு ரத்தத்தில் அதன் அளவைப் பார்க்க வேண்டும், அந்தப் பரிசோதனைக்கு அறுபது கிலோமீட்டர் போக வேண்டியிருக்கிறது." "மாச ஊசி போட ஆளில்லை." இப்படிப்பட்ட குறையாகப் பாருங்கள்.

எதைத் தேர்ந்தெடுப்பது என்று வீட்டில் உட்கார்ந்து யோசித்தால் தெரியாது. மாவட்ட மனநலத் திட்டத்தின் மருத்துவர் உங்கள் தாலுகா மருத்துவமனைக்கு வரும் நாளைக் கேட்டுத் தெரிந்துகொண்டு, அன்று காலை எட்டு மணிக்கே போய் பெஞ்சில் உட்காருங்கள். தேசிய மனநலத் திட்டம் 1982-ல் வந்தது. அதன் கீழ் மாவட்டத் திட்டம் 1996-ல் தொடங்கியது. மனநல மருத்துவர், உளவியலாளர், சமூகப் பணியாளர் அடங்கிய குழு மாவட்டத்துக்குள் ஊர் ஊராகப் போய்ப் பார்ப்பதுதான் அதன் அடிப்படை. ஆகவே அந்த ஒரு நாளில்தான் சுற்று வட்டார நோயாளிகள் எல்லோரும் ஒரே இடத்தில் கூடுவார்கள்.

பக்கத்தில் உட்கார்ந்திருப்பவரிடம் நோயைப் பற்றிக் கேட்காதீர்கள். "எந்த ஊர்லேர்ந்து வர்றீங்க? எத்தனை பஸ்? கிளம்பும்போது மணி என்ன?" என்று தொடங்குங்கள். மற்றதை அவர்களே சொல்வார்கள்.

இரண்டாம் படி: நோட்டு

நாற்பது பக்க நோட்டு போதும். ஒவ்வொரு முறை போகும்போதும் தேதி, மருத்துவர் வந்த நேரம், போன நேரம், சுமார் எத்தனை பேர் வந்தார்கள், எந்த மாத்திரை இல்லை, அதற்கு ஜன்னலில் சொன்ன பதில் என்ன என்று எழுதுங்கள். நோயாளிகளின் பெயர் வேண்டாம். "45 வயதுப் பெண், இரண்டு பஸ், ஒலான்சபின் கிடைக்கவில்லை" என்று இருந்தால் போதும். நோட்டு தொலைந்தாலும் யாருடைய ரகசியமும் வெளியே போகக்கூடாது.

மூன்று மாதம் இப்படி எழுதுங்கள். ஒரு நாள் கதையை "அன்னிக்கு மட்டும் அப்படி" என்று எந்த அதிகாரியும் தள்ளிவிடலாம். பன்னிரண்டு வாரக் குறிப்பை அப்படித் தள்ள முடியாது.

அந்த பெஞ்சில் உட்காரும்போது ஒன்றை மனதில் வையுங்கள். ஜன்னலுக்கு அந்தப் பக்கம் இருக்கும் மருந்தாளுநர் உங்கள் எதிரி அல்ல. காலையிலிருந்து நூறு பேருக்கு "இல்லை" என்று சொல்லிச் சோர்ந்துபோனவர் அவர். எங்களுக்கு உண்மையான தகவலைக் கொடுத்தது அப்படி ஒருவர்தான்: "கேட்டு எழுதியிருக்கோம்க்கா, ஆனா போன வருஷ எண்ணிக்கைக்குத்தான் எழுதியிருக்கோம். நோயாளி இப்ப ரெண்டு மடங்கு." தமிழ்நாடு மருத்துவப் பணிகள் கழகம் மாநிலம் முழுக்க மருந்து கொள்முதல் செய்து மாவட்டக் கிடங்குகளில் வைக்கிறது. ஒவ்வொரு மருத்துவமனைக்கும் ஒரு பாஸ்புக் உண்டு. அதில் உள்ள ஒதுக்கீட்டுக்குள் கிடங்கிலிருந்து எடுத்துக்கொள்கிறார்கள். ஆகவே ஜன்னலில் மாத்திரை இல்லை என்றால் கிடங்கிலேயே இல்லாமல் இருக்கலாம், மருத்துவமனை குறைவாகக் கேட்டிருக்கலாம், அல்லது கேட்டு வாங்கி வர வண்டி போகாமல் இருக்கலாம். இந்த மூன்றுக்கும் மூன்று வெவ்வேறு மனு. எது என்று தெரியாமல் எழுதியதும் என் முதல் மனு வீணானதற்கு ஒரு காரணம்.

மூன்றாம் படி: சட்டத்தில் உங்களுக்கு வேண்டிய வரிகள்

மனநலப் பராமரிப்புச் சட்டம் 2017-ல் நிறைவேறி, 2018 மே மாதம் நடைமுறைக்கு வந்தது. முழுவதும் படிக்க முடிந்தால் நல்லது. முடியாதவர்கள் இந்தச் சில பிரிவுகளை நோட்டின் பின்னட்டையில் எழுதி வையுங்கள்.

18-வது பிரிவுதான் நம் ஆயுதம். அரசு நடத்தும் அல்லது நிதி கொடுக்கும் இடங்களில் மனநலச் சிகிச்சை பெறுவது ஒவ்வொருவரின் உரிமை என்கிறது அது. அத்தியாவசிய மருந்துப் பட்டியலில் உள்ள மனநல மருந்துகள், வட்டார அளவிலான சுகாதார மையம் தொடங்கி அதற்கு மேலுள்ள எல்லா அரசு மருத்துவமனைகளிலும், எல்லா நேரமும், இலவசமாகக் கிடைக்க வேண்டும். "எல்லா நேரமும்" என்ற சொல்லை மனுவில் அப்படியே எழுதுங்கள். குறைந்தபட்சச் சேவை மாவட்டத்தில் இல்லையென்றால், மாவட்டத்திலுள்ள வேறு இடத்தில் சிகிச்சை பெறலாம், செலவை அரசு ஏற்க வேண்டும் என்பதும் இதே பிரிவில்தான் இருக்கிறது.

28-வது பிரிவு புகாருக்கானது. சேவையில் குறை இருந்தால் நோயாளியோ அவர் நியமித்த பிரதிநிதியோ முதலில் பொறுப்பு மருத்துவரிடமும், பிறகு மனநல மறுஆய்வு வாரியத்திடமும், அதற்கும் மேலே மாநில மனநல ஆணையத்திடமும் போகலாம். 95-வது பிரிவு சங்கிலியால் கட்டுவதை எந்த வடிவிலும் தடை செய்கிறது. இந்தத் தடைக்குப் பின்னால் நம் மண்ணின் துயரம் ஒன்று இருக்கிறது. 2001 ஆகஸ்ட் 6 அதிகாலை, ராமநாதபுரம் மாவட்டம் ஏர்வாடியில் ஒரு காப்பகக் கொட்டகை தீப்பிடித்தது. உள்ளே இருந்தவர்கள் சங்கிலியால் பிணைக்கப்பட்டிருந்தார்கள். 28 பேர் இறந்தார்கள். சங்கிலியின் நீளத்துக்கு மேல் அவர்களால் ஓட முடியவில்லை.

115-வது பிரிவின்படி, தற்கொலைக்கு முயன்றவர் கடும் மன அழுத்தத்தில் இருந்ததாகவே முதலில் கருத வேண்டும். போலீஸ் கேஸ் ஆகிவிடுமோ என்ற பயத்தில் மருத்துவமனைக்கே கூட்டிப் போகாத குடும்பங்கள் உண்டு. அவர்களிடம் சொல்ல வேண்டிய செய்தி இது. தெருவில் திரியும் மனநோயாளியை 100-வது பிரிவின்படி போலீஸ் பாதுகாப்பில் எடுத்து, 24 மணி நேரத்துக்குள் அரசு மருத்துவமனைக்கு அழைத்துப் போக வேண்டும். லாக்கப்பில் வைக்கக் கூடாது. உங்கள் ஊர் ஸ்டேஷனில் இதை ஒரு தாளில் பிரிண்ட் எடுத்துக் கொடுத்துவிட்டு வாருங்கள். நாங்கள் கொடுத்தபோது எஸ்.ஐ. அதை வாங்கி மேஜைக் கண்ணாடிக்கு அடியில் வைத்துக்கொண்டார். அப்படிப்பட்டவரைக் கண்டால் யாருக்குப் போன் செய்வது என்றே தனக்குத் தெரியாமல் இருந்தது என்றார்.

நான்காம் படி: எந்தக் கதவைத் தட்டுவது

என் முதல் மனு தவறான கதவுக்குப் போனது என்றேனே, அது இங்கேதான். அரசு மருத்துவமனை என்றால் எல்லாம் ஒன்று என்று நினைத்திருந்தேன். அப்படி இல்லை. ஆரம்ப சுகாதார நிலையங்கள் மாவட்ட சுகாதார அலுவலரின் கீழ் வரும். தாலுகா மருத்துவமனையும் மாவட்டத் தலைமை மருத்துவமனையும் மருத்துவம் மற்றும் ஊரக நலப் பணிகள் இணை இயக்குநரின் கீழ் வரும். ஆஸ்பத்திரி வட்டாரத்தில் "ஜே.டி. ஆபீஸ்" என்பார்கள். மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்கு டீன். தாலுகா மருத்துவமனை விஷயத்தைச் சுகாதார அலுவலருக்கு எழுதினால், "எங்கள் வரம்பில் இல்லை" என்று ஒரு வரிப் பதில் வரவே இரண்டு மாதம் ஆகும்.

முதலில் உங்கள் மருத்துவமனையின் தலைமை மருத்துவரை நேரில் பாருங்கள். அவருக்குத் தெரியாமல் மேலே எழுதினால் முகம் சுளிப்பார். அவரிடம் சொல்லிவிட்டு எழுதினால் பல நேரம் அவரே நமக்கு உதவியாக இருப்பார். "மக்கள்கிட்டேர்ந்து மனு வந்தா எனக்கும் மேல கேக்க வசதியா இருக்கும்" என்று எங்கள் மருத்துவர் வெளிப்படையாகவே சொன்னார். மருத்துவமனையில் நோயாளர் நலச் சங்கம் இருக்கும். அதன் கூட்டம் எப்போது நடக்கிறது, யார் யார் உறுப்பினர் என்றும் கேட்டு வையுங்கள்.

ஐந்தாம் படி: மனு

மனு ஒரு பக்கத்தைத் தாண்டக் கூடாது. ஒரு மனுவில் ஒரு கோரிக்கைதான் இருக்க வேண்டும். "மனநலத் துறையைச் சீரமைக்க வேண்டும்" என்று எழுதினால் அதைக் கோப்பில் வைக்கலாம், வேறொன்றும் செய்ய முடியாது. எங்களுக்கு வேலை செய்த மூன்றாவது மனுவின் நடுப்பகுதி ஏறக்குறைய இப்படி இருந்தது:

"எங்கள் தாலுகா மருத்துவமனைக்குச் செவ்வாய்தோறும் சுமார் அறுபது மனநல நோயாளிகள் வருகிறோம். கடந்த பன்னிரண்டு செவ்வாய்களில் ஏழு முறை ரிஸ்பெரிடோன் மாத்திரை வழங்கப்படவில்லை. தேதிகள் இணைக்கப்பட்டுள்ளன. மாத்திரை இடையில் நின்றால் நோய் திரும்பும். மனநலப் பராமரிப்புச் சட்டம் 2017, பிரிவு 18-இன்படி இம்மருந்து எல்லா நேரமும் இலவசமாகக் கிடைக்க வேண்டும். தற்போதைய நோயாளிகளின் எண்ணிக்கைக்கு ஏற்ப மாதத் தேவையைத் திருத்தி, கிடங்கிலிருந்து பெற்றுத்தர வேண்டுகிறோம்."

கீழே பதினான்கு கையெழுத்து. இரண்டு கைநாட்டு. என் தம்பியும் போட்டான். பேனாவை வாங்கி, மனுவை முழுவதும் ஒருமுறை படித்துவிட்டுத்தான் போட்டான்.

இரண்டு நகல் எடுத்துப் போங்கள். ஒன்றில் அலுவலக முத்திரையும் தேதியும் வாங்காமல் திரும்பாதீர்கள். மாவட்ட ஆட்சியர் அலுவலகத்தில் திங்கள்கிழமை நடக்கும் குறைதீர்க்கும் கூட்டத்தில் கொடுத்தால் மனு எண் கிடைக்கும். அந்த எண்தான் பின்னால் தொடர்ந்து கேட்கும்போது கைகொடுக்கும். முதல்வரின் உதவி மையத்துக்கு 1100-லும் பதிவு செய்யலாம்.

முப்பது நாளில் பதில் இல்லையென்றால் தகவல் உரிமைச் சட்டம் 2005. பத்து ரூபாய்க் கட்டணம், நீதிமன்ற வில்லை ஒட்டினால் போதும். வறுமைக் கோட்டுக்குக் கீழே உள்ளவர்களுக்கு அதுவும் இல்லை. "ஏன் தரவில்லை?" என்று கேட்காதீர்கள். ஏன் என்பதற்கு ஆவணம் கிடையாது. "கடந்த 12 மாதத்தில் இந்த மருந்து கிடங்கிலிருந்து பெறப்பட்ட தேதி, அளவு, இருப்புப் பதிவேட்டின் நகல்" என்று கேளுங்கள். 30 நாளில் தகவல் வராவிட்டால் அடுத்த 30 நாளுக்குள் முதல் மேல்முறையீடு. அதன் பிறகும் சரியில்லை என்றால் 90 நாளுக்குள் மாநிலத் தகவல் ஆணையம். இரண்டாவது மனுவுக்குப் பதில் வராதபோது நாங்களும் இப்படிக் கேட்டோம். எங்களுக்கு முதல் மேல்முறையீட்டோடு முடிந்தது.

ஆறாம் படி: தனியாக நிற்காதீர்கள்

பெஞ்சில் பழகியவர்களில் நான்கைந்து பேர் சேர்ந்தால் ஒரு குழு. பதிவு, லெட்டர்பேடு எல்லாம் பிறகு பார்த்துக்கொள்ளலாம். மாதம் ஒருமுறை, சிகிச்சை நாளன்றே, மருத்துவமனை வேப்பமரத்தடியில் அரைமணி நேரம் பேசுங்கள். தனியாக இன்னொரு நாள் வரச் சொன்னால் பஸ் செலவுக்கே யாரும் வரமாட்டார்கள்.

நோய் உள்ளவரை முன்னால் நிறுத்துங்கள். இதை நான் தாமதமாகத்தான் புரிந்துகொண்டேன். ஆரம்பத்தில் தம்பிக்காக நான்தான் பேசினேன். ஒருநாள் அவனே கேட்டான்: "அக்கா, தூக்கம் வரலைன்னா எப்படி இருக்கும்னு உனக்கு எப்படித் தெரியும்?" அதற்குப் பிறகு ஜே.டி. ஆபீசுக்கு அவனும் வந்தான். இரண்டே வாக்கியம்தான் பேசினான். அதிகாரி அதுவரை என்னிடம் கேட்காத கேள்விகளை அவனிடம் கேட்டார்.

சட்டமும் இந்த இடத்தைக் கொடுத்திருக்கிறது. மனநல மறுஆய்வு வாரியத்தில் மாவட்ட நீதிபதி நிலையில் உள்ளவர், ஆட்சியரின் பிரதிநிதி, மருத்துவர்கள் ஆகியோருடன் இரண்டு இடங்கள் மனநோய் உள்ளவர்கள், பராமரிப்பவர்கள் அல்லது அவர்களுடைய அமைப்புகளுக்கானவை. உங்கள் மாவட்டத்துக்கான வாரியம் செயல்படுகிறதா, அந்த இரண்டு இடங்களில் யார் இருக்கிறார்கள் என்று கேட்டு எழுதுங்கள். காலியாக இருந்தால் உங்கள் குழுவிலிருந்து ஒருவர் விண்ணப்பிக்கலாம்.

வார்த்தையிலும் கவனம் வேண்டும். "பைத்தியம்", "லூசு", "கீழ்ப்பாக்கம் கேஸ்" என்று ஊர் பேசுகிறது. சென்னைக் கீழ்ப்பாக்கத்தில் இருப்பது 1794-ல் தொடங்கிய, எத்தனையோ பேர் குணமாகி வீடு திரும்பிய மனநல மருத்துவமனை. அதன் பெயரையே நாம் வசவாக்கி வைத்திருக்கிறோம். குழுவுக்குள் யாராவது அப்படிப் பேசினால் அங்கேயே, கோபமில்லாமல், திருத்துங்கள்.

ஏழாம் படி: ஊருக்குள்

கிராம சபை வருடத்தில் ஆறு நாள் கூடுகிறது: ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1. சிகிச்சை நாளில் பஸ் வசதி, துணை சுகாதார நிலையத்தில் மாத்திரை வழங்கல் போன்ற கோரிக்கைகளைத் தீர்மானமாகக் கொண்டுவரலாம். மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் 2021-லிருந்து பி.பி., சுகர் மாத்திரைகள் வீட்டுக்கே வருகின்றன. மனநல மாத்திரைக்கு மட்டும் ஏன் இரண்டு பஸ் ஏற வேண்டும் என்று சபையில் எழுந்து கேளுங்கள். முந்தைய நாளே தலைவரிடமும் செயலரிடமும் எழுத்தில் கொடுத்துவிடுங்கள். தீர்மானப் புத்தகத்தில் ஏறியதா என்று பார்த்துவிட்டுத்தான் கிளம்ப வேண்டும்.

கோயிலுக்கும் தர்காவுக்கும் போகிறவர்களோடு சண்டை போடாதீர்கள். எங்கள் அம்மாவும் தம்பியைக் குணசீலம் கோயிலுக்குக் கூட்டிப்போய் 48 நாள் தங்கியவர்தான். அந்த 48 நாளும் அம்மாவுக்குத் தாங்கிப்பிடிக்க ஏதோ ஒன்று தேவைப்பட்டது. ஏர்வாடி தர்காவிலேயே வழிபாட்டோடு மருத்துவமும் சேர்ந்து கிடைக்க அரசு 'தவா துவா' (மருந்தும் பிரார்த்தனையும்) என்ற ஏற்பாட்டைக் கொண்டுவந்தது. பூசாரியோ தர்கா பெரியவரோ "சாமியையும் கும்பிடு, மாத்திரையையும் போடு" என்று ஒரு வார்த்தை சொன்னால், நாம் பத்துக் கூட்டம் போட்டதற்குச் சமம். அவர்களிடம் போய்ப் பேசுங்கள். கட்டி வைத்திருப்பதைப் பார்த்தால் மட்டும் விட்டுக்கொடுக்காதீர்கள். அது சட்ட மீறல். உடனே ஆட்சியர் அலுவலகத்துக்கும் மாவட்ட மனநலக் குழுவுக்கும் தெரிவியுங்கள்.

மாற்றுத்திறனாளிச் சான்றிதழும் பலருக்குத் தெரியாத விஷயம். 2016-ன் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தில் மனநோயும் இடம்பெறுகிறது. பாதிப்பு 40 சதவீதமோ அதற்கு மேலோ என்று மருத்துவர் மதிப்பிட்டால் அரசின் பல உதவிகளுக்கு வழி பிறக்கும். சான்றிதழ் முகாம் நடக்கும் நாளைத் தெரிந்து நான்கு குடும்பங்களைக் கூட்டிப் போனீர்கள் என்றால், மறுமாதம் உங்கள் குழுவில் எட்டுக் குடும்பம் இருக்கும்.

பத்திரிகைக்குப் போகும்போது 24-வது பிரிவை மறக்காதீர்கள். நோயாளியின் சம்மதமில்லாமல் அவருடைய படத்தையோ விவரத்தையோ ஊடகத்துக்குக் கொடுக்கக் கூடாது. நிருபர் "ஒரு ஃபோட்டோ இருந்தா நல்லா இருக்கும்" என்று கேட்பார். காலியாக இருக்கும் மருந்து அலமாரியைப் படமெடுக்கச் சொல்லுங்கள்.

எட்டாம் படி: உங்களையும் பார்த்துக்கொள்ளுங்கள்

இந்த வேலையைத் தொடங்கினால் ராத்திரி பதினொரு மணிக்குப் போன் வரும். "அவன் கதவைப் பூட்டிக்கிட்டான்க்கா" என்று அழுவார்கள். நீங்கள் மருத்துவர் இல்லை. அந்த நேரத்தில் செய்ய வேண்டியதை முன்கூட்டியே எழுதி வையுங்கள்: அரசின் மனநலத் தொலைபேசி உதவிச் சேவையான டெலிமானஸ் 14416, 24 மணி நேரமும் தமிழில் பேசலாம். மாநில சுகாதார உதவி எண் 104. உயிருக்கு ஆபத்து என்றால் 108. மாத்திரையைக் கூட்டவோ குறைக்கவோ நிறுத்தவோ நீங்கள் சொல்லக் கூடாது. பாதி வெட்டிக் கொடுக்கிறேன் என்று யாராவது சொன்னால் அன்றே மருத்துவரிடம் பேச வையுங்கள்.

போனைக் குழுவில் இருவர் மாறி மாறி வைத்துக்கொள்ளுங்கள். வருடக்கணக்கில் பார்த்துக்கொண்டிருக்கும் நமக்கும் தூக்கம் கெடும், எரிச்சல் வரும். நமக்காகவும் ஒரு ஓ.பி. சீட்டு வாங்கி அந்த பெஞ்சில் உட்காரலாம். நான் வாங்கியிருக்கிறேன்.

கடைசிப் படி: மாத்திரை வந்த பிறகு

மூன்றாவது மனு கொடுத்து ஏழு வாரம் கழித்து, மருந்தாளுநரே போன் செய்தார். ரிஸ்பெரிடோன் வந்துவிட்டது, புதிய எண்ணிக்கைப்படி. எல்லோருக்கும் சொன்னோம். சந்தோஷப்பட்டோம். ஆனால் நோட்டை மூடவில்லை. கோப்பு நகர்ந்த வேகத்தில் ஒருமுறை வந்துவிடும், அடுத்த முறை பழையபடி நின்றுவிடும். ஆகவே அடுத்த மூன்று மாதமும் சிகிச்சை நாளில் போய் ஜன்னலைப் பாருங்கள். மூன்று மாதமும் தடையில்லாமல் வந்தால், தலைமை மருத்துவருக்கும் ஜே.டி.க்கும் ஒரு நன்றிக் கடிதம் எழுதுங்கள். புகாரை மட்டுமே பார்த்துப் பழகிய அலுவலகம் அதைப் பத்திரமாக வைத்துக்கொள்ளும். பிறகு நோட்டில் புதிய பக்கம் திருப்பி, அடுத்த குறையை எழுதுங்கள்.

எங்கள் நோட்டின் புதிய பக்கத்தில் இப்போது "லித்தியம், ரத்தப் பரிசோதனை, 60 கி.மீ." என்று இருக்கிறது. கையெழுத்து தம்பியுடையது. மஞ்சள் பை அம்மாவும் திரும்ப வருகிறார், மகனையும் கூட்டிக்கொண்டு. போன செவ்வாய் அவர் முழு அட்டையாக வாங்கி, ஜன்னலருகே நின்றே ஒவ்வொன்றாக எண்ணிப் பார்த்துப் பையில் வைத்தார்.